உறைமேல் இட்ட கையொப்பம்: ஐக்கிய அமெரிக்காவின் அஞ்சல் வாக்களிப்பும் கையொப்பச் சரிபார்ப்பின் வரலாறும்

வாக்குரிமையின் வரலாறு பெரும்பாலும் அவ்வுரிமை யாருக்கு வழங்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்னும் வினாக்களை மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. சொத்து, நிறம், பால், வயது ஆகியவற்றின் அடிப்படையில் அமைந்த தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக எவ்வாறு தகர்க்கப்பட்டன என்பதே அவ்வரலாற்றின் பொதுவான போக்காகும். ஆயின், சட்டத்தால் வழங்கப்பட்ட ஓர் உரிமை நிருவாகத்தின் மேசைக்கு வந்து சேரும்போது அதற்கு என்ன நேர்கிறது என்பது வேறோர் ஆய்வுப் பொருளாகும். ஐக்கிய அமெரிக்காவில் அஞ்சல்மூலம் அனுப்பப்படும் வாக்குகளுக்கு நேரும் கதி இதற்குத் தக்க சான்றாக அமைகிறது. வாக்காளர் தகுதியுடையவர், பதிவு செய்யப்பட்டவர், குறித்த காலத்துள் வாக்கை அனுப்பியும் விட்டார். எனினும், உறைமேல் அவர் இட்ட கையொப்பம் கோவையிலுள்ள கையொப்பத்தைப் போன்று இல்லை என ஓர் எழுதுவினைஞர் கருதுவதால் அவ்வாக்கு எண்ணப்படாது போகிறது.

தமிழிற் கையொப்பம் என்னுஞ் சொல் இரு பொருட் சாயல்களைத் தன்னுட் கொண்டுள்ளது. ஒப்பமிடுதல் என்பது ஒப்புக்கொள்ளுதல். ஒப்பிடுதல் என்பது ஒன்றை மற்றொன்றோடு வைத்துப் பார்த்தல். அமெரிக்க அஞ்சல் வாக்கின் வரலாற்றிற் கையொப்பம் முதலாவது பொருளிலிருந்து இரண்டாவது பொருளுக்கு இடம்பெயர்ந்தது. வாக்காளரின் உறுதிமொழிக்கு அடையாளமாக நுழைந்த ஒன்று, பின்னர் அவரையே ஐயுறுவதற்கான சான்றுப் பொருளாயிற்று. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும், அதன் பாரம் யார்மீது விழுந்தது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. போர்க்களத்திலிருந்து வந்த வாக்கு

வாக்காளர் தமது ஊரில் இல்லாதபோதும் வாக்களிக்கலாம் என்னும் கருத்து அமெரிக்காவிற் பரவலான நடைமுறையாக உருப்பெற்றது உள்நாட்டுப் போர்க் காலத்திலாகும். இலட்சக்கணக்கான போர்வீரர் தத்தம் மாநிலங்களுக்கு வெளியே இருந்தனர். அவர்களது வாக்குரிமை அரசியல் முக்கியத்துவம் வாய்ந்த பிரச்சினையாயிற்று. இதனை எல்லாரும் எளிதில் ஏற்றுக்கொண்டனரல்லர். 1862ஆம் ஆண்டில் பென்சில்வேனிய மாநிலத்தின் உயர் நீதிமன்றம், வாக்காளர் தமது தேர்தற் பிரிவிலேயே வாக்களித்தல் வேண்டும் என மாநில அரசியலமைப்புக் கூறுவதாகக் கொண்டு, போர்வீரர் வெளியிலிருந்து வாக்களிக்க இடமளித்த சட்டத்தைச் செல்லுபடியற்றதாக்கியது. 1864ஆம் ஆண்டில் அரசியலமைப்பைத் திருத்திய பின்னரே அம்மாநிலத்தில் இவ்வழி மீண்டுந் திறந்தது.

1864ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலின்போது இரு வகையான முறைகள் வழக்கிலிருந்தன. சில மாநிலங்கள் பாசறையிலேயே வாக்குப் பெட்டிகளை வைத்தன. வேறு சில, வாக்கை ஊருக்கு அனுப்ப இடமளித்தன. நியூயோர்க் மாநிலம் இரண்டாவது வழியைப் பின்பற்றியது. போர்வீரர் தமது வாக்குச்சீட்டை உறையிலிட்டு, ஊரிலுள்ள ஒருவருக்கு அதனைச் சேர்க்கும் அதிகாரத்தை வழங்கும் பத்திரத்திற் கையொப்பமிட்டு, அதனை ஓர் இராணுவ அதிகாரியின் முன்னிலையில் உறுதிப்படுத்தி அனுப்பினர். இங்கே கையொப்பம் தனித்து நிற்கவில்லை என்பது அவதானிக்கத்தக்கது. அதற்குப் பின்னால் ஒரு சத்தியமும், அதனைக் கண்ட ஒரு சாட்சியும் இருந்தனர். எழுத்தின் வடிவத்தை எவரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. எழுதியவரைக் கண்டவர் உண்டா என்பதே வினாவாயிருந்தது.

இம்முறையும் மோசடிக்கு அப்பாற்பட்டதன்று. அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில், நியூயோர்க் மாநிலத்தின் சார்பிற் செயற்பட்ட முகவர் சிலர் போர்வீரரதும் அதிகாரிகளதும் கையொப்பங்களைப் போலியாக இட்டு வாக்குகளை உருவாக்கினர் என்னுங் குற்றச்சாட்டில் இராணுவ விசாரணைக் குழுவின் முன் நிறுத்தப்பட்டனர். ஆகவே, தொலைவிலிருந்து வரும் வாக்கைப் பற்றிய ஐயம் அவ்வாக்கைப் போன்றே பழைமையானது. அதனை வெறும் கற்பனையெனத் தள்ளிவிடுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது.

2. இரகசிய வாக்கும் உறையின் பாரமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்த மற்றொரு மாற்றம் கையொப்பத்தின் நிலையை அடியோடு மாற்றியது. அவுஸ்திரேலிய முறை எனப்பட்ட இரகசிய வாக்களிப்பு 1888ஆம் ஆண்டில் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் ஏற்கப்பட்டு, ஒரு தசாப்தத்துள் நாட்டின் பெரும்பகுதிக்குப் பரவியது. அரசு அச்சிட்ட ஒரே வகையான சீட்டில், எவரும் காணாதவாறு அடையாளமிடுவதே அம்முறையின் அடிப்படை. தொழில்வழங்குநரின் அச்சுறுத்தலிலிருந்தும் வாக்கு வாணிகத்திலிருந்தும் வாக்காளரைக் காத்தல் அதன் பயன்களுள் ஒன்று. அதேவேளை, எழுத்தறிவற்றோரை வாக்களிப்பிலிருந்து விலக்கும் கருவியாகவும் அது பல இடங்களிற் பயன்பட்டது.

இரகசிய வாக்கு முறையின்படி வாக்குச்சீட்டில் வாக்காளரின் பெயர் இருத்தல் ஆகாது. வாக்குச்சாவடியில் இது பிரச்சினையன்று. வாக்காளர் நேரில் நிற்கிறார். அஞ்சலில் வரும் வாக்கிலோ ஆளுமில்லை, பெயருமில்லை. எனவே சீட்டை ஓர் உறையிலும், வாக்காளரின் பெயரும் உறுதிமொழியும் கையொப்பமும் அமைந்த பகுதியை அவ்வுறையின் வெளிப்புறத்திலும் வைக்கும் வழக்கம் தோன்றியது. சரிபார்த்தல் முடிந்து உறை திறக்கப்பட்டு, சீட்டு ஏனைய சீட்டுக்களோடு கலந்தபின் அதனைத் திரும்ப எடுக்க இயலாது. ஆகவே வாக்காளர் யார் என்னும் வினா முழுவதும் உறை திறக்கப்படுமுன் தீர்க்கப்பட வேண்டியதாயிற்று. கையொப்பத்தின்மீது சுமத்தப்பட்ட பாரத்துக்கு இந்த அமைப்பே மூலகாரணம்.

வெர்மொன்ற் மாநிலம் 1896இலும் கன்சாஸ் மாநிலம் 1901இலும் அமைதிக் காலத்திற் குடிமக்கள் தமது வாக்களிப்புப் பிரிவுக்கு வெளியே வாக்களிக்க வழிசெய்தன. கன்சாஸ் சட்டம் புகையிரதத் தொழிலாளரைக் கருத்திற்கொண்டது. தொழிலின் தன்மையே மக்களை ஊரிலிருந்து பிரித்த ஒரு பொருளாதார அமைப்பின் விளைவாக இச்சட்டங்களைக் காணல் வேண்டும். 1920களின் நடுப்பகுதியளவிற் பெரும்பாலான மாநிலங்களில் ஏதோவொரு வகையான அஞ்சல் வாக்கு இருந்தது. சத்தியக்கடதாசியும், நொத்தாரிசு அல்லது வேறு சாட்சியின் ஒப்பமும் அவற்றிற் பலவற்றின் பொதுக்கூறுகளாயின.

3. சாட்சி நீங்கிய நிலை

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அஞ்சல் வாக்கு விதிவிலக்கு என்னும் நிலையிலிருந்து வழமை என்னும் நிலைக்கு நகர்ந்தது. கலிபோர்ணியா 1978ஆம் ஆண்டில், காரணங் காட்டாமலே எவரும் அஞ்சல் வாக்கைக் கோரலாம் என விதித்தது. ஒறெகன் மாநிலம் 1981இல் உள்ளூர்த் தேர்தல்களில் அஞ்சல் வாக்களிப்பைப் பரீட்சித்து, 1998ஆம் ஆண்டில் மக்கள் வாக்கெடுப்பின் வாயிலாக எல்லாத் தேர்தல்களுக்கும் அதனை விரிவாக்கியது. 2000ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலை முழுமையாக அஞ்சல்மூலம் நடத்தியது. வாஷிங்ரன் மாநிலம் 2011இலும் கொலறாடோ 2013இலும் இவ்வழியைப் பின்பற்றின. நோய்த்தொற்றின் நடுவே நிகழ்ந்த 2020ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் நாடு முழுவதிலும் வாக்களித்தோருள் ஏறத்தாழ 43 வீதத்தினர் அஞ்சல் வாக்கைப் பயன்படுத்தினர்.

இவ்விரிவாக்கத்தோடு பல மாநிலங்கள் சாட்சியையும் நொத்தாரிசையுங் கைவிட்டன. இலட்சக்கணக்கான வாக்காளரிடம் சாட்சியைத் தேடுமாறு கேட்பது நடைமுறைச் சாத்தியமற்றது. தனித்து வாழும் முதியோருக்கும் வறியோருக்கும் அது உண்மையான தடையாகவும் இருந்தது. எனவே சாட்சி நீங்கியமை முற்போக்கான ஒரு மாற்றமே. ஆயினும், சாட்சி வகித்த இடம் வெறுமையாக விடப்படவில்லை. அவ்விடத்தில் ஒப்பீடு வந்தமர்ந்தது. வாக்காளரைக் கண்ட மனிதரின் கூற்றுக்குப் பதிலாக, வாக்காளரின் இரு எழுத்துக்களைக் காணும் உத்தியோகத்தரின் முடிவு சான்றாயிற்று. ஒப்புதல் ஒப்பீடாக மாறியது இக்கட்டத்திலேயாகும்.

ஒப்பீடு நடைபெறும் விதமும் கருதத்தக்கது. உறையிலுள்ள கையொப்பம் கணனித் திரையில் ஒருபுறம். பதிவுப் படிவத்திலிருந்தோ சாரதி அனுமதிப்பத்திரக் கோவையிலிருந்தோ பெறப்பட்ட கையொப்பம் மறுபுறம். முன்னையது தாளிற் பேனையால் எழுதப்பட்டது. பின்னையது பல சந்தர்ப்பங்களிற் கண்ணாடித் தகட்டின்மீது மின்கோலால் கீறப்பட்டது. சிலவேளை பத்தோ இருபதோ ஆண்டுகள் பழைமையானது. உத்தியோகத்தருக்குக் கிடைப்பது சில கணங்கள் மட்டுமே. நெவாடா மாநிலத்தின் கிளார்க் மாவட்டத்தில் 2020ஆம் ஆண்டு ஓர் இயந்திரம் முதற்கட்ட ஒப்பீட்டைச் செய்தது. அங்குகூட இயந்திரம் ஏற்கலாமேயன்றி, நிராகரிக்கும் முடிவு மனிதரிடமே விடப்பட்டது.

4. கையெழுத்து என்னும் சான்று

இரு கையொப்பங்கள் ஒருவருடையனவா என்னும் வினாவுக்குத் தெளிவான விடை உண்டு என்ற நம்பிக்கையே மேற்கூறிய முறையின் அத்திவாரம். அந்நம்பிக்கை எந்த அளவுக்கு உறுதியானது?

அமெரிக்க நீதிமன்ற வரலாற்றிற் புகழ்பெற்ற ஹவ்லண்ட் உயில் வழக்கு இங்கு நினைவுகூரத்தக்கது. 1868ஆம் ஆண்டில் முடிவுற்ற அவ்வழக்கில், காலஞ்சென்ற செல்வப் பெண்மணி ஒருவரின் பத்திரத்திலிருந்த கையொப்பம் போலியானதா என்பது பிணக்காயிருந்தது. ஹாவாட் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் பெஞ்சமின் பியேர்சும் அவருடைய மைந்தர் சாள்ஸ் சாண்டர்ஸ் பியேர்சும் சான்று கூற அழைக்கப்பட்டனர். ஐயத்துக்கு இடமற்ற 42 கையொப்பங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் உள்ள 30 கீழ்நோக்கிய கோடுகளைச் சோடி சோடியாகப் பொருத்திப் பார்த்து, ஒரே மனிதரின் இரு கையொப்பங்கள் முற்றாகப் பொருந்துவதற்கான நிகழ்தகவை அவர்கள் கணித்தனர். பிணக்குக்குரிய கையொப்பமோ மூலக் கையொப்பத்தோடு கோட்டுக்குக் கோடு பொருந்தியது. இத்தகைய பொருத்தம் இயல்பாக நிகழ்வது ஏறத்தாழ நடவாத காரியம் என்பது அவர்களது முடிவு. நீதிமன்றம் வழக்கை வேறொரு சட்ட அடிப்படையில் தீர்த்ததாயினும், அச்சான்று எழுப்பிய கருத்து நிலைத்து நிற்கிறது. மெய்யான கையொப்பம் மாறுபடும். அச்சொட்டாக ஒத்திருப்பதே போலியின் அடையாளமாகலாம்.

1910ஆம் ஆண்டில் அல்பேட் ஒஸ்போண் வெளியிட்ட ஐயத்துக்குரிய ஆவணங்கள் பற்றிய நூல் இத்துறைக்கு ஒழுங்கான வடிவம் அளித்தது. ஆவணப் பரிசோதனை நீண்ட பயிற்சியை வேண்டும் தனித்துறையாக வளர்ந்தது. ஒரு கையொப்பத்தைப் பற்றி முடிவு கூறுவதற்குப் பல மாதிரிகள் தேவை என்பதும், மாதிரிகள் அதே காலப்பகுதியைச் சேர்ந்தனவாகவும் அதே வகைக் கருவியால் எழுதப்பட்டனவாகவும் இருத்தல் நன்று என்பதும் இத்துறையின் பொது அறிவு.

இத்துறையினரையும் ஏனையோரையும் ஒப்பிட்டு மொஷே காம் முதலான ஆய்வாளர் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனை முடிவுகள் எமது பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையன. மெய்யான கையொப்பத்தைப் பொய்யெனக் கூறும் தவறு, பயிற்சிபெற்ற பரிசோதகரிடையே ஏறத்தாழ 7 வீதமாகவும், பயிற்சியற்றோரிடையே ஏறத்தாழ 26 வீதமாகவும் இருந்தது. பொய்யான கையொப்பத்தை மெய்யெனக் கொள்ளும் தவறு முன்னையோரிடம் அரை வீதத்தளவு. பின்னையோரிடம் ஆறரை வீதத்தளவு. இரு விடயங்கள் இங்கு புலனாகின்றன. பயிற்சி பெரும் வேறுபாட்டை ஏற்படுத்துகிறது என்பது ஒன்று. இரு சாராருமே போலியை நம்புவதிலும் பார்க்க மெய்யை ஐயுறுவதிலேயே கூடுதலாகத் தவறினர் என்பது மற்றொன்று.

இதன் விளைவை ஒரு கற்பித எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஓரிடத்துக்கு 10,000 உறைகள் வருவதாகவும், அவற்றுட் 10 போலியானவை எனவும் கொள்வோம். உத்தியோகத்தர் மிகத் திறமையானவர். மெய்யான கையொப்பங்களுள் நூற்றுக்கு ஒன்றை மட்டுமே தவறாக நிராகரிக்கிறார் எனவும் கொள்வோம். போலிகள் பத்தும் பிடிபட்டாலுங்கூட, அவற்றோடு ஏறத்தாழ 100 மெய்யான வாக்குகளும் வீழ்கின்றன. தேடப்படும் பொருள் அரிதாக இருக்குமிடத்துத் தேடலின் தவறு பெரும்பாலும் குற்றமற்றவர் மீதே விழும். இது எவருடைய தீய எண்ணத்தாலும் நிகழ்வதன்று. எண்களின் இயல்பால் நிகழ்வது.

போலிகள் எவ்வளவு அரிதானவை? ஜோர்ஜியா மாநிலத்தின் கொப் மாவட்டத்தில் 2020ஆம் ஆண்டு டிசெம்பரில், பயிற்சிபெற்ற புலனாய்வாளரைக் கொண்டு 15,118 உறைகள் மீளப் பரிசோதிக்கப்பட்டன. மோசடியான வாக்கு ஒன்றேனும் காணப்படவில்லை. இரண்டு உறைகள் மட்டுமே வாக்காளரிடம் திருப்பிக் கேட்டிருக்க வேண்டியவை எனக் கண்டறியப்பட்டன. அவற்றுள் ஒன்றிற் கணவருக்காக மனைவி கையொப்பமிட்டிருந்தார்; மற்றொன்றில் வாக்காளர் தவறான இடத்திற் கையொப்பமிட்டிருந்தார்.

5. தவறு யார்மீது விழுகிறது

2016ஆம் ஆண்டுத் தேர்தலில் திரும்பிவந்த அஞ்சல் வாக்குகளுள் ஏறத்தாழ ஒரு வீதம், அதாவது மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவை, நிராகரிக்கப்பட்டன. 2020ஆம் ஆண்டில் வீதம் 0.8 ஆகக் குறைந்ததாயினும், அஞ்சல் வாக்குகளின் தொகை பெருகியமையால் நிராகரிக்கப்பட்டவை ஐந்தரை இலட்சத்தைத் தாண்டின. அவற்றுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குக்குக் கையொப்பம் பொருந்தாமை காரணமாகக் காட்டப்பட்டது. தொகை சிறிது எனத் தோன்றலாம். ஆனால், 2018ஆம் ஆண்டில் புளோரிடாவின் செனற் சபைத் தேர்தல் எண்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளுள் 10,033 வாக்கு வித்தியாசத்தில் முடிவுற்றது என்பதையும் நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

தொகையிலும் முக்கியமானது அதன் பரவல். கையொப்பம் ஒரு பழக்கத்தின் விளைவு. காசோலையிலும் பத்திரத்திலும் நாள்தோறும் ஒப்பமிடும் நடுவயது நடுத்தர வர்க்கத்தவரிடம் அது உறைந்து நிலைபெற்றிருக்கும். அத்தகைய வாழ்க்கைக்குப் புறத்தே நிற்போரிடம் அவ்வாறன்று. இளைஞருக்கு நிலையான கையொப்பம் இன்னும் அமையவில்லை. முதியோரின் கை நடுங்குகிறது. பக்கவாதமும் கண்பார்வைக் குறைவும் எழுத்தை மாற்றுகின்றன. சீன, அரபு எழுத்துக்களிற் பயின்று, பின்னர் உரோம எழுத்துக்கு வந்த குடிவரவாளரின் ஒப்பம் இரு எழுத்து மரபுகளுக்கிடையே ஊசலாடுகிறது. திருமணத்தின் பின் பெண்கள் பெயரையே மாற்றுகின்றனர். இவர்கள் எல்லாரும் தகுதிபெற்ற வாக்காளர். ஆயினும், மாறாத கை என்னும் எழுதப்படாத நிபந்தனையை இவர்கள் நிறைவேற்றுதல் வேண்டும் என இம்முறை எதிர்பார்க்கிறது.

புளோரிடாவில் 2012, 2016 ஆகிய ஆண்டுகளின் தேர்தல்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு, இளைய வாக்காளரதும் கறுப்பின, ஹிஸ்பானிய வாக்காளரதும் அஞ்சல் வாக்குகள் ஏனையோருடையவற்றிலும் மிகக் கூடிய வீதத்தில் நிராகரிக்கப்பட்டதைக் காட்டியது. வாஷிங்ரன் மாநிலக் கணக்காய்வாளர் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை மேலும் நுணுக்கமானது. 2020ஆம் ஆண்டுத் தேர்தலில் கறுப்பின வாக்காளரின் வாக்குகள் வெள்ளையினத்தவருடையவற்றைப் போல் நான்கு மடங்கு வீதத்தில் நிராகரிக்கப்பட்டிருந்தன. ஆனால், உறைகளை மீளப் பரிசோதித்தபோது உத்தியோகத்தரின் முடிவுகளிற் பாரபட்சத்துக்கான சான்று காணப்படவில்லை. வாக்காளர் எம்மாவட்டத்தில் வாழ்ந்தார் என்பதே நிராகரிப்போடு மிக நெருங்கிய தொடர்புடைய காரணியாயிருந்தது.

இம்முடிவு ஆழ்ந்த சிந்தனைக்குரியது. தீய எண்ணங் கொண்ட உத்தியோகத்தர் இல்லாதவிடத்தும் ஏற்றத்தாழ்வு உற்பத்தியாகலாம். 1890ஆம் ஆண்டில் மிசிசிப்பி மாநிலம் தனது அரசியலமைப்பிற் புகுத்திய எழுத்தறிவுச் சோதனையோடு கையொப்பச் சரிபார்ப்பை ஒன்றாக்கிப் பார்ப்பது தவறாகும். முன்னையது கறுப்பின மக்களை விலக்கும் நோக்குடனேயே உருவாக்கப்பட்டது, பின்னையது அவ்வாறன்று. எனினும், ஓர் ஒற்றுமையை மறுத்தலும் இயலாது. 1965ஆம் ஆண்டில் லூசியானா மாநிலத்தின் சோதனையை ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் நீக்கியபோது அது சுட்டிய குறைகளுள் ஒன்று, வரையறுத்த அளவுகோல் எதுவுமின்றிப் பதிவாளரின் விருப்பத்துக்கு உரிமையை ஒப்படைத்தமையாகும். அளவுகோலற்ற தற்றுணிபு என்னும் அதே குறைபாடு, வேறொரு நோக்கத்தோடு உருவான முறையினுள்ளும் குடியிருக்கலாம்.

6. அறிவித்தலும் மறுமொழியும்

கையொப்பச் சரிபார்ப்புக்கு எதிராக எழுந்த வழக்குகளின் மையக் கோரிக்கை பெரும்பாலும், சரிபார்க்க வேண்டாம் என்பதன்று; எமக்கு அறிவியுங்கள் என்பதேயாகும். 1990ஆம் ஆண்டிலேயே அரிசோனாவிலுள்ள சமஷ்டி நீதிமன்றம் ஒன்று, அஞ்சல் வாக்கை நிராகரிப்பதாயின் வாக்காளருக்கு அறிவித்தலும் விளக்கமளிக்க வாய்ப்பும் வழங்கப்படல் வேண்டும் எனக் கொண்டது. ஆயினும், பல மாநிலங்கள் கால் நூற்றாண்டுக்குப் பின்னும் அவ்வாறு செய்யவில்லை. புளோரிடாவின் சட்டம் விசித்திரமானதாயிருந்தது. கையொப்பமே இடாதவருக்குக் குறையைத் திருத்த வாய்ப்பிருந்தது. கையொப்பமிட்டும் அது பொருந்தவில்லை எனக் கருதப்பட்டவருக்கு வாய்ப்பில்லை. 2016ஆம் ஆண்டு ஒக்ரோபரில் நீதிபதி மார்க் வாக்கர் இவ்வேறுபாட்டை நீக்குமாறு பணித்தார். 2018ஆம் ஆண்டில் அதே மாநிலத்தில் திருத்த வாய்ப்புப் பெயரளவினதாயிருந்தமை மீண்டும் வழக்காகி, 2019 பெப்ரவரியிற் பதினோராஞ் சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றமும் வாக்காளரின் முறைப்பாட்டில் வலுவிருப்பதை ஏற்றது.

நியூ ஹம்ஷயர் மாநிலத்தின் சட்டம் 2018ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் அரசியலமைப்புக்கு முரணானதெனத் தீர்க்கப்பட்டது. வழக்காளருள் ஒருவர் பார்வைக் குறைபாடுடைய மூதாட்டி. பயிற்சியற்ற வாக்குச்சாவடித் தலைவர்கள் ஒப்பீட்டைச் செய்தனர். அவர்களது முடிவை மீளாய்வு செய்ய எவருமிலர். நிராகரிப்பு வாக்காளருக்கு உரிய காலத்தில் அறிவிக்கப்படவுமில்லை. தாம் வாக்களித்துவிட்டதாகவே அவர்கள் நம்பியிருந்தனர். அதே ஆண்டிற் கலிபோர்ணியாவிலும் நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து, நிராகரிக்குமுன் அறிவித்தல் வழங்கும் கடப்பாடு சட்டமாக்கப்பட்டது.

இப்போக்கு ஒருசீரானதன்று. ரெக்சாஸ் மாநிலத்தைப் பற்றி 2020ஆம் ஆண்டிற் கீழ் நீதிமன்றம் வழங்கிய சாதகமான கட்டளையை மேன்முறையீட்டு நீதிமன்றம் தேர்தலுக்கு முன்னர் இடைநிறுத்தியது. மறுபுறம், 2020 ஒக்ரோபர் 23ஆம் நாள் பென்சில்வேனிய உயர் நீதிமன்றம், கையொப்ப ஒப்பீட்டின் அடிப்படையில் மட்டும் வாக்கை நிராகரிக்க மாநிலச் சட்டம் அதிகாரமளிக்கவில்லை எனத் தீர்ப்பளித்தது. ஒரே சனாதிபதியைத் தெரியும் ஒரே தேர்தலில், எல்லைக்கு இப்பாலுள்ள வாக்காளரின் ஒப்பம் ஒப்பிடப்பட்டது. அப்பாலுள்ளவரின் ஒப்பம் ஒப்பிடப்படவில்லை.

7. மாற்று வழிகளும் அவற்றின் எல்லைகளும்

ஒப்பீட்டைக் கைவிட்டால் மோசடி பெருகாதா என்னும் வினா நியாயமானது. 1997ஆம் ஆண்டின் மயாமி மாநகர முதல்வர் தேர்தல், அஞ்சல் வாக்கு மோசடி காரணமாக அடுத்த ஆண்டில் நீதிமன்றத்தாற் புரட்டப்பட்டது. வட கரோலினாவின் ஒன்பதாந் தொகுதியில் 2018ஆம் ஆண்டு 905 வாக்குகளால் ஒருவர் முன்னிலை பெற்றார். கூலிக்கு அமர்த்தப்பட்டோர் வீடுவீடாகச் சென்று வாக்குகளைச் சேகரித்து, சாட்சிகளின் ஒப்பங்களைப் பொய்யாக நிரப்பியமை வெளிப்பட்டதால், 2019 பெப்ரவரியில் மாநிலத் தேர்தற் சபை மறுதேர்தலுக்குக் கட்டளையிட்டது. அம்மோசடி விசாரணையாலும் சாட்சியங்களாலும் வெளிப்பட்டதேயன்றி, வாக்காளரின் கையொப்பங்களை ஒப்பிட்டதால் வெளிப்பட்டதன்று. ஒழுங்கமைந்த மோசடி தடயங்களை விட்டுச்செல்கிறது. அவற்றைத் தேடும் வழிகளும் உள.

மின்னெசோட்டாவின் அனுபவம் வேறொரு பாதையைக் காட்டுகிறது. 2008ஆம் ஆண்டுச் செனற் சபைத் தேர்தல் அங்கு நீண்ட மீள்எண்ணலுக்கும் வழக்குக்கும் உள்ளானது. தவறாக நிராகரிக்கப்பட்டவை என ஏற்கப்பட்ட 933 அஞ்சல் வாக்குகள் 2009 ஜனவரியில் திறந்து எண்ணப்பட்டன. இறுதி வித்தியாசம் 312 வாக்குகள். இதனாற் பாடங் கற்ற மாநிலம் 2010ஆம் ஆண்டில், கையொப்ப ஒப்பீட்டை முதன்மை நிலையிலிருந்து விலக்கி, வாக்காளர் எழுதும் அடையாள எண்ணைச் சரிபார்க்கும் முறைக்கு மாறியது. ஜோர்ஜியாவும் 2021ஆம் ஆண்டில் எண்முறைக்கு வந்தது.

ஆயினும் எண்ணும் முழுமையான தீர்வன்று. ரெக்சாஸ் 2021ஆம் ஆண்டில், உறையில் எழுதும் எண் கோவையிலுள்ள எண்ணோடு பொருந்தவேண்டும் என விதித்தது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நடைபெற்ற கட்சி முதனிலைத் தேர்தலில் அஞ்சல் வாக்குகளுள் 12 வீதத்துக்கும் அதிகமானவை நிராகரிக்கப்பட்டன. தொகை 24,000ஐத் தாண்டியது. சாரதி அனுமதிப்பத்திர எண்ணைப் பல தசாப்தங்களுக்கு முன் கொடுத்திருந்தோர் இப்போது சமூகப் பாதுகாப்பு எண்ணை எழுதினர். அல்லது எண்ணுக்குரிய இடத்தைக் கவனியாது விட்டனர். பின்னைய தேர்தல்களில் இவ்வீதம் குறைந்ததெனினும், கருவியை மாற்றுவதால் மட்டும் பிரச்சினை தீராது என்பது தெளிவாயிற்று.

கொலறாடோவின் நடைமுறை இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. அங்கு கையொப்பம் இன்றும் ஒப்பிடப்படுகிறது. ஆனால், வேறுவேறு கட்சியினரான இரு உத்தியோகத்தர் இணங்கினாலன்றி நிராகரிப்பில்லை. நிராகரிப்பின் பின்னரும் வாக்காளருக்கு அறிவித்து, தேர்தல் நாளுக்குப் பின் எட்டு நாள்வரை குறையைத் திருத்த இடமளிக்கப்படுகிறது. கருவி பழையதே, ஆனால் அதன் தவறைத் தாங்குபவர் மாறிவிட்டார். ஐயம் எழுந்தால் அதனைத் தீர்க்கும் முயற்சியை முதலில் நிருவாகம் மேற்கொள்கிறது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று விடயங்கள் தெளிவாகின்றன. முதலாவதாக, அமெரிக்க அஞ்சல் வாக்கிற் கையொப்பம் உறுதிமொழியின் அடையாளமாகத் தோன்றி, சாட்சி நீங்கிய நிலையில் ஒப்பீட்டுப் பொருளாக மாறியது. இம்மாற்றம் எவரும் திட்டமிட்டு விவாதித்து ஏற்ற ஒன்றன்று. இரண்டாவதாக, அவ்வொப்பீட்டுக்கு வேண்டிய பயிற்சியும் மாதிரிகளும் காலமும் தேர்தல் அலுவலகங்களிற் பெரும்பாலும் இல்லை. மூன்றாவதாக, அதன் தவறுகள் சமமாகப் பரவுவதில்லை. ஏற்கெனவே சமூகத்தின் விளிம்பில் நிற்போர் மீதே கூடுதலாக விழுகின்றன.

மோசடியைத் தடுத்தலும் வாக்குரிமையைக் காத்தலும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்னும் வாதம் 2020ஆம் ஆண்டுக்குப் பின் அமெரிக்க அரசியலில் உரத்து ஒலிக்கிறது. வரலாறு வேறொன்றைக் கூறுகிறது. போலியாக இடப்பட்ட ஒப்பத்தால் ஒரு வாக்கு எண்ணப்படுவதும், மெய்யாக இடப்பட்ட ஒப்பம் ஐயுறப்படுவதால் ஒரு வாக்கு எண்ணப்படாது போவதும் தேர்தல் முடிவைப் பொறுத்தவரை ஒரே அளவான கேடுகளே. முதலாவதைத் தேடிப் பல நிறுவனங்கள் இயங்குகின்றன. இரண்டாவது பெரும்பாலும் எவருக்கும் தெரியாமலே நிகழ்ந்து முடிகிறது; பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாது. ஆகவே ஒரு தேர்தல் முறையை மதிப்பிடும்போது, அது எத்தனை போலிகளைப் பிடித்தது என்று மட்டுமன்றி, தான் விலக்கிய மெய்யான வாக்காளரிடம் அச்செய்தியைச் சொல்லிற்றா, மறுமொழி கூற அவருக்கு நாட்களை விட்டுவைத்ததா என்றும் நாம் கேட்டல் வேண்டும். அறிவித்தலும் மறுமொழிக்கான காலமும் இல்லாதவிடத்து, வாக்குரிமையின் இறுதி எல்லையை வரைவது அரசியலமைப்பன்று, எழுதுவினைஞரின் கண்ணே.